உங்களுக்கென்ன டீச்சர்

"உங்களுக்கென்ன டீச்சர், மழை பேஞ்சாலும் வெயிலடிச்சாலும் மாசம் பொறந்தா சம்பளம்." கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர், ராமேஸ்வரம் பக்கத்திலிருக்கும் மண்டபம் ஊருக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிச் சொன்னார். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி இன்னும் ஈரமாகவே இருந்தது. அவரிடம் என்ன மறுத்துப் பேசுவது? கடல் இடம் கொடுத்தால்தான் அவருக்கு அன்றைக்கு வருமானம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் எங்கள் பக்கம் பல வீடுகளில் அடுப்பு எரிவது கடனில்தான். அந்த ஊரில் நான் மாதச் சம்பளக்காரி. அது சின்ன விஷயமில்லை.

ஆனால் பின் இருக்கையிலிருந்து ஒருவர், "கை நிறையக் காசு, நாலு மணிக்கு வீடு, வருசத்துல பாதி நாள் லீவு" என்று சேர்த்துக்கொண்டார். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நான் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை, 2009 ஜூனுக்குப் பிறகு வேலையில் சேர்ந்தவள். அந்த ஜூன் 1-க்கு முன்னால் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். எங்களுக்கு 5,200. அதே படிப்பு, அதே பாடப்புத்தகம், அடிப்படையில் மட்டும் 3,170 ரூபாய் குறைவு. அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் அடிப்படையை வைத்துத்தான் என்பதால் அந்த இடைவெளி வருடா வருடம் வளர்ந்துகொண்டே போனது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' கேட்டு 2022 டிசம்பரில் சென்னையில் பள்ளிக் கல்வித்துறைத் தலைமை அலுவலகமான டிபிஐ வளாகத்தில் போராட உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஊர் திரும்பியதும், "இன்னுமா பத்தல?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் இன்றுவரை வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீச்சர் என்றாலே எல்லோருக்கும் அரசுச் சம்பளம் என்று நினைக்கிறார்கள். என்னுடன் ஆசிரியர் பயிற்சி படித்த தோழி தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு மே மாதம் சம்பளமே கிடையாது. 'பாதி நாள் லீவு' அவள் வீட்டில் பட்டினி மாதம்.

அப்புறம் அந்த நாலு மணி. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால் மற்றவருக்கு ஐந்து வகுப்பும். வருகைப்பதிவைச் செயலியில் ஏற்ற, சிக்னல் கிடைக்கும் பனைமரத்தடிக்கு நடக்க வேண்டும். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது வேறு. ஒருநாள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கு நோட்டைத் திறக்கவே இல்லை. அவன் அப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று பக்கத்துப் பிள்ளைதான் சொன்னது. அன்று பள்ளி விட்டதும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அழவில்லை, பேசவும் இல்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை அங்கேயே இருந்தேன். மறுநாள் முதல் அவனைப் பள்ளிக்கு வரவைக்க இரண்டு வாரம் தினமும் அந்தத் தெருவுக்கு நடந்தேன். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதற்குச் சம்பளம் கேட்கவும் இல்லை. நாலு மணிக்கு வீடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பேருந்தில் இதில் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. பின் இருக்கைக்காரர் கேட்டாரா, தெரியவில்லை. அக்கா கேட்டார். அவர் மகள் என்னிடம் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு விடியமுன்ன தீவுக்குப் போயிருவேன் டீச்சர். சின்னவனையும் அவ கூட்டிட்டு வருவா. கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"அனுப்புங்கக்கா" என்றேன்.