தேதி மட்டும் நகராது: உலகப் போட்டிகளும் அவற்றை நடத்தும் அரசுகளும்

செப்டம்பர் 3, 2025

ஒரு நகரம் ஒலிம்பிக் நடத்த ஆசைப்பட்டால் மைதானத்தின் கணினிப் படம்தான் முதலில் செய்தியில் வரும். அரசியல் இருப்பதோ உத்தரவாதக் கடிதங்களில். விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே அரசு கையெழுத்திட்டுத் தரும் தாள்கள் இவை. பாதுகாப்புச் செலவு அரசுடையது. அங்கீகார அட்டை உள்ளவரிடம் தனியாக விசா கேட்கக் கூடாது. போட்டிக்காக வரும் கருவிகளுக்குச் சுங்கம் கிடையாது. ஐந்து வளையச் சின்னத்தைக் காக்கச் சட்டம் வேண்டும். அமைப்புக் குழுவின் கணக்கில் துண்டு விழுந்தால் பொதுப்பணம் ஈடுகட்ட வேண்டும்.

ஆக, குடியேற்றம், வரி, விளம்பரம், காவல் ஆகிய நான்கிலும் கொள்கை முடிவு பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. நாடாளுமன்றத்துக்கு மசோதா வரும்போது "ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டோம்" என்பதே வாதமாகிவிடும். கையெழுத்துப் போட்டவர் கணக்கு முடிக்கும் நாளில் பதவியில் இருப்பதும் அபூர்வம்.

இந்தத் தாளைக் கண்டு பின்வாங்கிய ஊர்களும் உண்டு. 2015 ஜூலை 27 அன்று பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ், வரி செலுத்துவோரைப் பணயம் வைக்கும் உத்தரவாதத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றார். அன்றே 2024 ஒலிம்பிக்குக்கான அந்த நகரத்தின் விண்ணப்பம் கைவிடப்பட்டது. அதற்கு முந்தைய அக்டோபரில் நார்வேயின் ஆஸ்லோவும் இதே இடத்தில்தான் நின்றுபோனது. ஆளும் கட்சி அரசு உத்தரவாதத்தை ஆதரிக்கவில்லை. 2022 குளிர்கால ஒலிம்பிக்குக்கு பெய்ஜிங்கும் அல்மாட்டியும் மட்டுமே மிஞ்சின. பெய்ஜிங் 44-40 என்று வென்றது.

செப்டம்பர் 5

பேரம் பேசும் வலு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1984க்குக் கடைசிவரை நின்ற ஒரே நகரம் லாஸ் ஏஞ்சலஸ். திரும்பி வராத நகரப் பணத்தை ஒலிம்பிக்குக்குச் செலவிடக் கூடாது என்று 1978 நவம்பரில் நகர சாசனத்தையே வாக்கெடுப்பில் திருத்திவிட்டார்கள். வேறு ஆள் இல்லாததால் சர்வதேச ஒலிம்பிக் குழு இறங்கி வந்தது. 1923இலேயே திறந்த கொலீசியம் மைதானம் கைவசம் இருந்தது. 20 கோடி டாலருக்கு மேல் உபரி வந்தது. அந்த உபரியைப் பார்த்து மயங்கி வரிசையில் நின்ற நகரங்களுக்கு அந்த நிபந்தனை மட்டும் கிடைக்கவில்லை.

2017இல் பாரிஸும் லாஸ் ஏஞ்சலஸும் மட்டும் மிஞ்சியபோது 2024, 2028 இரண்டையும் ஒரே அமர்வில் பங்கிட்டுக் கொடுத்ததும் இதே கணக்கில்தான்.

செப்டம்பர் 9

"போட்டியில் நட்டமில்லை" என்று ஓர் அமைச்சர் சொன்னால் எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டும். பொதுவாக மூன்று பைகள் உண்டு. முதலாவது அமைப்புக் குழுவின் நடத்தும் செலவு. ஒளிபரப்பு, விளம்பரதாரர், டிக்கெட் பணத்தில் ஓடுவது. இரண்டாவது மைதானம், வீரர் கிராமம் போன்ற கட்டுமானம். மூன்றாவது மெட்ரோ, விமான நிலையம், காவல். லாபம் காட்டுவது முதல் பையில். கடன் விழுவது மற்ற இரண்டில்.

லண்டன் 2012 இதற்கு நல்ல பாடம். விண்ணப்பத்தின்போது பொதுப்பணம் சுமார் 240 கோடி பவுண்டு என்றார்கள். 2007 மார்ச்சில் அது 930 கோடி ஆனது. திருடர்கள் புகுந்துவிடவில்லை, முதல் மதிப்பீட்டில் சிலவற்றைச் சேர்க்கவே இல்லை. மதிப்புக் கூட்டு வரி மட்டும் 80 கோடிக்கு மேல். எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு 270 கோடி. பாதுகாப்பு தனி. தனியாரிடமிருந்து வரும் என்று எழுதிய பணமும் பெரும்பாலும் வரவில்லை. இறுதியில் செலவு 900 கோடிக்குக் கீழே நின்றதும் "ஒதுக்கியதில் மிச்சம்" என்று பேச முடிந்தது. 930ஐ வைத்துப் பார்த்தால் அது உண்மை. 240ஐ அதற்குள் எல்லோரும் மறந்திருந்தார்கள்.

எனவே எந்த மதிப்பீட்டிலும் நான்கு கேள்வி: எந்த ஆண்டு விலையில் போட்டது? வரி சேர்ந்ததா? பாதுகாப்பு உள்ளே இருக்கிறதா? எதிர்பாராச் செலவுக்கு எவ்வளவு?

பாதுகாப்பைக் கடைசிவரை கணிக்க முடிவதில்லை. லண்டனில் ஒப்பந்த நிறுவனம் தரவேண்டிய காவலர்கள் முதலில் 2,000. 2011 டிசம்பரில் அது 10,400 ஆனது. முன்கூட்டியே ஆள் எடுத்தால் சும்மா வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் பின்னணி விசாரணையும் பயிற்சியும் முடியாது. தொடக்க விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் 3,500 ராணுவ வீரர்களைக் கூடுதலாக அழைக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 10

நேற்று விட்டுப்போனது. ஆணுக்குப் பிள்ளை பிறக்காததுபோல ஒலிம்பிக்கிலும் நட்டம் வராது என்று சொன்னவர் மாண்ட்ரியல் மேயர் ழான் திராப்போ. 1976 போட்டியின் கடன் 2006இல்தான் தீர்ந்தது. அடைத்ததில் பெரும்பங்கு கியூபெக் மாகாணத்தில் சிகரெட் பிடித்தவர்களுடையது, புகையிலை வரி வழியாக.

செப்டம்பர் 14

தற்காலிகச் சட்டங்கள். இவை மூன்று வகையில் தங்கிவிடுகின்றன.

முதல் வகை, இருக்கும் சட்டத்தை விலக்கி வைப்பது. பிரேசிலில் 2003இலிருந்து மைதான பீருக்குத் தடை இருந்தது. பீரை அனுமதிக்க உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா வற்புறுத்தியது. 2012 ஜூனில் 2014 உலகக் கோப்பைக்கென்று தனிச் சட்டம் வந்தது. இதன் மறுபக்கம் கத்தார். 2022இல் தொடக்க ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மைதான வளாகங்களில் பீர் விற்பனை நிறுத்தப்பட்டது. அப்போது ஃபிஃபாவால் எதுவும் செய்ய முடியவில்லை. கடைசி வாரத்தில் நடத்துபவர் கை ஓங்கிவிடும்.

இரண்டாம் வகை, பரணில் கிடக்கும் சட்டத்தை எடுத்துத் தூசி தட்டுவது. 2010 டொராண்டோ ஜி20 மாநாட்டுக்கு, போர்க்காலமான 1939இன் ஒரு சட்டத்தின்கீழ் ஒன்டாரியோ மாகாண அரசு சத்தமில்லாமல் காவல் அதிகாரத்தைக் கூட்டும் ஒரு விதி போட்டது. மாநாட்டு வார இறுதியில் 1,000 பேருக்கு மேல் கைதானார்கள். அந்தச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டது. இங்கே விழா சட்டத்தைக் கொண்டுவரவில்லை, காட்டிக்கொடுத்தது.

மூன்றாவது, சோதனை முயற்சி. கூட்ட நெரிசல், கேட்பாரற்ற பொருள் போன்றவற்றைக் கண்டறியும் கணினிவழிக் கேமராக் கண்காணிப்புக்கு 2023 மே மாதச் சட்டத்தால் பிரான்ஸ் அனுமதி தந்தது. பாரிஸ் பாராலிம்பிக் முடிந்தது 2024 செப்டம்பர் 8. அனுமதியோ 2025 மார்ச் 31 வரை. அதையும் 2027க்கு நீட்டிக்க அரசு முயன்றது. சட்டத்தின் காலாவதித் தேதியைப் போட்டியின் நிறைவுத் தேதியோடு ஒப்பிட்டாலே பாதி விளங்கிவிடும்.

நல்லதும் இதே வழியில் வருவதை மறுக்க முடியாது. பாரிஸின் சேன் நதியில் குளிக்க 1923இலிருந்து இருந்த தடை 2025 ஜூலையில் பொதுமக்களுக்கு நீங்கியது. சாக்கடை இணைப்பு, மழைநீர்த் தொட்டி என்று சுமார் 140 கோடி யூரோ. வாக்குறுதிகள் பழையவை, முடிக்கவேண்டிய தேதி மட்டும் புதியது.

செப்டம்பர் 17

1988இல் இதே நாளில் சோல் ஒலிம்பிக் தொடங்கியது. உலகின் கண் பட்டால் ஆட்சி இளகும் என்பதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் இது. ஆனால் 1987 ஜூனில் லட்சக்கணக்கானோர் ஏற்கெனவே தெருவில் இருந்தார்கள். அடக்கினால் போட்டி கைநழுவும் என்ற பயம் அதன்மேல் சேர்ந்தது. ஜூன் 29இல் நேரடி அதிபர் தேர்தலுக்கு ஆட்சியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2008 பெய்ஜிங்கில் அப்படியொரு இயக்கம் இல்லை. போராட மூன்று பூங்காக்கள் ஒதுக்கினார்கள். 77 விண்ணப்பங்கள் வந்தன. அனுமதி பெற்றது ஒன்றும் இல்லை.

கத்தார் இரண்டுக்கும் நடுவில். 2014இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் புகார். 2018இல் தோஹாவில் அந்த அமைப்பின் அலுவலகம். 2020இல் வேலை மாற முதலாளியின் சம்மதக் கடிதம் தேவையில்லை என்ற திருத்தம். 2021 மார்ச்சில் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம். உலகக் கோப்பை நடத்தும் உரிமை கிடைத்தது 2010இல் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மைதானங்களில் பெரும்பகுதி வேலை பழைய விதியின்கீழேயே நடந்து முடிந்திருந்தது.

செப்டம்பர் 21

2010இல் இதே நாளில் டெல்லியில் ஜவஹர்லால் நேரு மைதானத்தருகே நடைபாலம் இடிந்து விழுந்தது. காமன்வெல்த் போட்டிக்கு 12 நாள் இருந்தது. உரிமை கிடைத்ததோ 2003 நவம்பரில். அடுத்த ஆண்டு வந்த, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையின் சாரம், ஏழு ஆண்டு அவகாசம் சரியாகப் பயன்படவில்லை, பிறகு அவசரத்தைக் காட்டி வழக்கமான சரிபார்ப்புகள் தளர்த்தப்பட்டன என்பது. தாமதம் எல்லோருக்கும் நட்டமில்லை. கடைசி ஆண்டில் பல நிறுவனங்கள் போட்டியிடும் டெண்டருக்கு நேரமில்லை என்றாகிவிட்டால், கேட்ட விலைதான் விலை.

அமைப்புக் குழு அரசின்கீழ் இருக்கும் என்பது விண்ணப்பத்தின் தொடக்கக் கருத்து. பதிவானது அரசு சாராச் சங்கமாக. பணம் ஓரிடம், முடிவு வேறிடம். இது டெல்லிக்கு மட்டும் உரிய நோயும் இல்லை.

செப்டம்பர் 24

தேதியை நகர்த்த முடியாதபோது விலகத்தான் முடியும், அதற்கும் விலையுண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 2022 ஏப்ரலில் 2026 காமன்வெல்த் போட்டியை ஏற்றது. தலைநகரை விட்டு கீலாங், பலாரட், பெண்டிகோ என்று பிற நகரங்களில் பரப்பி நடத்துவதாகத் திட்டம். ஏழு மாதத்தில் மாநிலத் தேர்தல் வந்தது. ஒதுக்கீடு 260 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2023 ஜூலையில், 600 கோடியைத் தாண்டும் என்று சொல்லி விலகினார்கள். இழப்பீடு 38 கோடி. மாநிலத் தணிக்கையாளர் 2024 மார்ச்சில் கணக்குப் பார்த்தபோது, நடக்காத போட்டிக்கு மொத்தம் 58.9 கோடி போயிருந்தது. கூடவே, விலகுவதற்குக் காரணமாகக் காட்டிய அந்தப் பெரிய மதிப்பீடும் ஊதப்பட்டது என்றார். தொடங்கும்போது குறைத்து, கைவிடும்போது கூட்டி. இரண்டும் ஒரே அரசின் தாள்கள்.