கதவடியில் நுழைந்த பேனா

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே, சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜைத் திருத்தி, முறுக்கும் சில்லி பைட்ஸ் என்னும் காரப் பஜ்ஜியும் செய்து விற்கத் தீர்மானித்தபோது, உணவுக்கூடத்துக்கான தகுதிச் சான்றிதழ் இல்லாமல் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. உணவுக்கூடங்களின் சுகாதாரம் பற்றிய 2018ஆம் ஆண்டின் ஆர்638 விதிகளையும் படித்திருந்தோம். கட்டடம் எலி புகாதபடி இருக்க வேண்டும் என்று அதில் வரும் ஒரு வரிதான் எங்களை இரண்டு மாதம் அலைக்கழித்தது.

சோதனைக்கு வந்த நகராட்சி அலுவலர், நாங்கள் பெருமையோடு பதித்திருந்த வெள்ளை ஓடுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்கதவின் முன் குந்தி அமர்ந்து, தம் பேனாவை அடியிடுக்கில் தள்ளினார்; அது தடையின்றி வெளியே போயிற்று. ஆறு மில்லிமீட்டர் சந்து இருந்தாலே சுண்டெலி வந்துவிடும் என்று சொல்லி, சான்றிதழ் தராமல் திரும்பினார். எனக்கு அன்று கோபம்தான் வந்தது.

தெருவில் விற்கும் எலி மருந்தை வாங்கி வைத்துவிடலாம் என்றார் என் கணவர். 2024 அக்டோபரில் ஜொகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவின் நளேடியில் ஆறு குழந்தைகள் இறந்ததற்கு தெருவில் எலி மருந்தாகவும் விற்கப்பட்ட டெர்புஃபாஸ் என்னும் வயல் பூச்சிக்கொல்லியே காரணம் என்று சுகாதார அமைச்சர் அறிவித்த பிறகும் அப்படிப் பேசலாமா என்று நான் கேட்டதும் அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பூச்சிக்கொல்லிகளை ஒழுங்குபடுத்தும் 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டப்படி பதிவு பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர் ஒருவரை அழைத்தோம். அவர் விஷப்பெட்டிகளை வெளிச்சுவரோரம் மட்டும் வைத்தார். உள்ளே வெறும் பொறிகளே. குழாய் நுழையும் துளைகளில் இரும்புப் பஞ்சைத் திணித்துச் சிமெண்டு பூசி, கதவடியில் உலோகப் பட்டை அடித்தார். மூன்றாம் நாளே, ஓர் எலியும் பெட்டியைத் தொடவில்லை என்று தொலைபேசியில் குறைப்பட்டேன். புதிதாக வைத்த பொருளை எலி சில நாள் அண்டாது என்பதை அப்போதுதான் அறிந்தேன். கரப்பானுக்கு அவர் வைத்த பசை மருந்தின் பக்கத்திலேயே நான் வழக்கம்போல் ஸ்பிரே அடித்துவிட்டதால், அந்தப் பசையும் வீணாயிற்று. சரக்கு வரும் அட்டைப்பெட்டிகளிலேயே கரப்பான் வந்துவிடும், ஒரு முட்டைக்கூட்டில் முப்பது நாற்பது முட்டைகள் வரை இருக்கும் என்பதால், இப்போது அவற்றை வாசலிலேயே பிரித்து அப்புறப்படுத்துகிறோம்.

உண்மையில் எங்களைத் தோற்கடித்தது அந்துப்பூச்சி. கடலை மாவைச் சலிக்கும்போது சல்லடையில் நூலாம்படை படிந்த கட்டிகள் தங்கின. சுவரில் ஒட்டிய பொறியில் நாள்தோறும் பூச்சிகள் விழுந்தும் தொல்லை குறையவில்லை. பெண்பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் அப்பொறியில் ஆண்பூச்சிகள் மட்டுமே சிக்கும். ஏணி வைத்துப் பார்த்தபோது, சுவரும் கூரையும் சேரும் மூலையில் புழுக்கள் வரிசையாய்க் கூடு கட்டியிருந்தன. அவை பிறந்த இடமோ, அடுப்புக்குப் பின்னால் நாங்கள் மறந்துபோன ஒரு பழைய ரவைப் பொட்டலம். மூட்டைகளை இப்போது பலகையின் மேல், பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க வசதியாகச் சுவரை விட்டுத் தள்ளியே அடுக்குகிறோம். புதிதாக வரும் மாவைச் சிறு பொட்டலங்களாக்கிக் குறைந்தது நான்கு நாள் உறைபெட்டியில் வைக்கிறோம்.

இரண்டாம் முறை பேனா நுழையவில்லை. பொறிகளின் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிய பிறகே அலுவலர் எழுந்தார். தீபாவளி ஆர்டர்கள் தொடங்குவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. பொறுப்பாளர் என்று என் பெயர் இருப்பதால், சனிக்கிழமை காலைகளில் பொறிகளைப் பார்த்து எழுதும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது. பெரும்பாலும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் எழுதுகிறேன். அதையும் தேதியிட்டு எழுதியாக வேண்டும்.