மாமாவின் லெட்ஜர்

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனுக்கு முதலாளி வீட்டுச் செலவும் தொழிலாளி சம்பளமும் ஒரே டேலி சாஃப்ட்வேரில் ஓடும். போன சனிக்கிழமை காலையில் கார் சர்வீஸ் பில் ஒன்று ஏற்றினேன், 48 ஆயிரம். சாயங்காலம் சம்பளக் கவர் போட்டேன். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற எங்கள் டெய்லருக்கு அந்த பில் இரண்டு மாசக் கூலிக்கும் மேல். திருப்பூரில் இதெல்லாம் ஒரு அதிசயமா என்பீர்கள். இல்லைதான். முதலாளி என் தாய்மாமன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கண்ணில் படுகிறது.

எனக்கு உறுத்துவது அவர் மேலே வந்த கதையை எங்கள் ஒறம்பரை, சொந்தக்காரர்கள், சொல்கிற விதம். "கட்டிங் டேபிள்ல நின்னவருங்க, உழைச்சு வந்தவருங்க." உழைத்தார், பொய்யில்லை. அவரோடு ஒரே வருசம் சேர்ந்து அதே டேபிளில் நின்ற ரங்கண்ணனும் உழைத்தார். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்கிற ஜிஎஸ்எம் கணக்கு அதிலேயே தெரிந்துவிடும். "நூத்தியெம்பது ஜிஎஸ்எம் வராதுங், நூத்தியறுவதுதான்" என்பார். வட்டமாக வெட்டித் தராசில் போட்டால் அதுதான் இருக்கும். மாமாவுக்கு அந்தக் கை இன்றுவரை வரவில்லை. ரங்கண்ணன் இப்போது எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருக்கிறார்.

1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. மாமா அவிநாசிப் பக்கம் தோட்டத்துக்குப் போய்விட்டார். கிணற்றில் தண்ணி, கட்டுத்தரையில் மாடு, சோற்றுக்குக் குறைவில்லை. ரங்கண்ணன் சம்சாரத்தின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது, மீட்கவே இல்லை. போராட்டம் முடிந்த பிறகு பெரிய கம்பெனிகள் வேலையைப் பிரித்துச் சின்ன யூனிட்டுகளுக்கு வெளியே கொடுப்பது அதிகமானது. நாலு மெஷின் போட்டவன் முதலாளி. மாமா மூணு ஏக்கரை பேங்க்கில் வைத்தார், மாமனார் ஜாமீன் கையெழுத்துப் போட்டார், நூலைக் கடனுக்குக் கொடுக்க ஒரு பங்காளி இருந்தார். ரங்கண்ணனின் அப்பா பக்கத்து ஊர்த் தோட்டமொன்றில் பண்ணையாளாக இருந்தவர். அவரிடம் பேங்க் எதை எழுதி வாங்கும்? யார் எந்தச் சாதி என்று நான் தனியாகச் சொல்லவில்லை. கொங்குநாட்டுக்காரர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். என் பிகாம் படிப்பும் எங்கப்பாவின் கிணற்றுத் தண்ணியில் வந்ததுதான்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அடியும் இப்படித்தான் விழுந்தது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசுக்காக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது மாமா இரண்டு ஏக்கரைச் சைட் போட்டு விற்றுத் தப்பினார். ரங்கண்ணனுக்கு வாரத்தில் பாதி நாள் வேலையில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் நின்றபோது கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. கூலியில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. மாமாவுக்கும் நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாசம் அவர் வீட்டுச் செலவில் ஒரு ரூபாய் குறைந்ததாக என் லெட்ஜர் காட்டவில்லை.

தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நாலு பேர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022-23-இல் இந்தியாவின் மேல்தட்டு ஒரு சதவீதத்தினருக்கு வருமானத்தில் 22.6 சதவீதம், சொத்தில் 40.1 சதவீதம். எல்லாரும் முதல் எண்ணைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். நான் இரண்டாவதைப் பார்க்கிறேன். மாமாவின் சொத்தில் பெரும்பங்கு பனியனில் வந்ததில்லை. மண்ணு விலை ஏறியதில் வந்தது. அவருடைய லைன் வீட்டுக் காம்பவுண்டில் ரூமுக்கு நாலு ஒடிசாப் பசங்க. எல்லாரும் எங்கள் கம்பெனி ஆட்கள். சனிக்கிழமை கவரில் போனதில் ஒரு பகுதி மாசம் பிறந்தால் வாடகையாகத் திரும்பி வந்துவிடும். இரண்டு வவுச்சரும் நானே போடுகிறேன். அந்தப் பசங்களால்தான் சம்பளம் ஏறவில்லை என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வவுச்சர் தெரியாது.

ரங்கண்ணனின் சின்ன மகள், 2009-இல் வந்த மூன்று சதவீத உள் ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தவள், இப்போது கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஐடி வேலையில் இருக்கிறாள். லோன் போட்டு ஊர்ப்பக்கம் சைட் வாங்க வேண்டும் என்று கிளம்பினாள். மாமா போட்டிருக்கிற லேஅவுட்டுக்கே போயிருக்கிறாள். புரோக்கர் நல்லபடியாகத்தான் பேசினாராம், விலையெல்லாம் சொன்னாராம். எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா யாரு என்று கேட்ட பிறகு, "எல்லாம் புக் ஆயிருச்சும்மா" என்றாராம்.

புக் ஆகவில்லை. பதினொரு சைட் நிற்கிறது. மாமாவிடம் கேட்டேன். "நமக்கு ஒண்ணுமில்ல மாப்ள, மத்தவங்க வாங்க வரோணுமில்ல" என்றார். கோபமில்லாமல், டீ குடித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு ஈரோடு பார்ட்டிக்கு பில் போயிருச்சா என்று கேட்டார்.

அந்தப் பதினொரு சைட் நம்பரையும் அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். "லோன் சாங்ஷன் லெட்டரோட ஞாயித்துக்கிழமை உங்க மாமா ஊட்டுக்கே வர்றேனுங்ண்ணா, புரோக்கர் எதுக்கு" என்று பதில் போட்டிருக்கிறாள். ரங்கண்ணனுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "நாளைக்கு நான் அங்க செக்கிங்குக்குப் போகோணுமுங் தம்பி" என்கிறார்.