முதல் பெயர்: ஃப்னு

ஒரு அமெரிக்க விமான நிலையத்தில், பயணிகள் சேவைப் பிரிவில் வேலை. நேர்காணல் முடிந்த ஒரே வாரத்தில் ஆஃபர் கடிதம் வந்துவிட்டது. பேட்ஜ் கைக்கு வர இரண்டரை மாதம் ஆனது. காரணம் என் பெயர்.

எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல், அதோடு சரி. பாஸ்போர்ட் எடுத்தபோது ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டோம். அமெரிக்க விசாவில் என் பெயர் முழுவதும் சர்நேமாகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று விழுந்தது. ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம். ஹெச்-4 விசாவில், அதாவது ஹெச்-1பி வேலை விசாக்காரரின் மனைவியாக இருக்கும் எனக்குக் கிடைத்த வேலை அனுமதி அட்டையிலும், அதாவது இஏடியிலும், அதேதான். கிளினிக்கில் ‘ஃப்னு!’ என்று கூப்பிட்டால் எழுந்து போகப் பழகிவிட்டேன்.

விமானங்கள் நிற்கும் பகுதியில் துணையில்லாமல் நடமாட எஸ்ஐடிஏ பேட்ஜ், அதாவது பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அடையாள அட்டை வேண்டும். கம்பெனி ஐ-9 படிவத்தில் நம் வேலை அனுமதியைப் பார்ப்பது தனிக்கதை. பேட்ஜுக்கு, கம்பெனியில் அதற்கென்று அதிகாரம் பெற்றவர் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். அப்புறம் பேட்ஜ் அலுவலகத்தில் அசல் ஆவணங்களும் கைரேகையும். ரேகை எஃப்பிஐக்குப் போகிறது; கடந்த 10 ஆண்டுகளில் குறிப்பிட்ட குற்றங்கள் ஏதும் உண்டா என்று பார்க்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, வெளிநாட்டவருக்குக் குடியேற்றத் துறை தரும் ஏலியன் எண் எல்லாம் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டிஎஸ்ஏவுக்கு. அங்கேதான் தீவிரவாதிகள் பட்டியலோடும் குடியேற்றப் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

என் வலது கட்டைவிரல் மூன்று முறை பதியவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் ஏதோ லோஷனைத் தடவி அழுத்திப் பிடித்தார், பதிந்தது. பிறகு அட்டையைப் பார்த்து, “எஃப்என்யூ என்பது பெயர் இல்லையே, உங்கள் முதல் பெயர் என்ன?” என்றார். நியாயமான கேள்வி. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், முன்னால் ஒரு இனிஷியல் உண்டு என்றேன். அந்த ஒற்றை எழுத்தையே முதல் பெயராகத் தட்டிவிட்டார்.

மூன்றாம் வாரம் டிஎஸ்ஏவிடமிருந்து கடிதம் வந்தது. என் குடியேற்ற நிலையை உறுதிசெய்ய முடியவில்லையாம், ஆதாரம் அனுப்ப வேண்டுமாம். வயிற்றைக் கலக்கியது. கணவர் வாங்கிப் படித்துவிட்டு, “இது நாடு கடத்துற லெட்டர் இல்லம்மா, கேள்வி கேட்கிற லெட்டர்” என்றார்.

தேடிப் படித்தபோது துணைக்கு ஆள் இருப்பது தெரிந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2015 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், 2004 முதல் இப்படி ஏறக்குறைய 29,000 விசாரணைகள் அனுப்பப்பட்டதாக இருக்கிறது. அப்படிக் கேட்கப்பட்டவர்களில் 4,800 பேருக்கு மேல், வேலை உரிமையை நிரூபிக்க முடியாததால் பேட்ஜ் மறுக்கப்பட்டிருக்கிறது. முதல் பெயரில் இரண்டு எழுத்தோ அதற்கும் குறைவாகவோ இருந்த பதிவுகள் 1,500க்கு மேல். அதில் 300க்கு மேல் வெறும் ஒற்றை எழுத்து. எத்தனை பேர் நம்மூர் இனிஷியல்காரர்களோ!

பாஸ்போர்ட், விசா, நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு, ஹெச்-4 ஒப்புதல் அறிவிப்பு, இஏடியின் இரண்டு பக்கங்கள் எல்லாவற்றையும் நகலெடுத்து, ஒரு விளக்கக் கடிதத்தோடு அனுப்பினேன். பேட்ஜ் அலுவலகத்துக்கும் நேரில் போய், இஏடியில் எழுத்துக்கு எழுத்து என்ன இருக்கிறதோ அதையே அடிக்கச் சொல்லிக் கேட்டேன். காரியத்தை முடித்தது இதுதான் என்று நினைக்கிறேன். அப்புறம் பயிற்சி, தேர்வு, பேட்ஜ். இடுப்புக்கு மேலே, மேல்சட்டைக்கு வெளியே எப்போதும் தெரிய வேண்டும்.

எனக்குத் தந்த பேட்ஜில் இஏடி முடிகிற தேதிதான் போட்டிருக்கிறது. முன்பெல்லாம் இஏடியைப் புதுப்பிக்க மனுப் போட்டால் 540 நாள் வரை தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு அது இல்லை. அதனால் இந்த முறை 180 நாள் முன்பே அனுப்பிவிட்டேன். முதல் பெயர் கட்டத்தில் யோசிக்கவே இல்லை: எஃப்என்யூ.