கெண்ட் ரிட்ஜில் ஒரு புதுக்கோட்டை விவசாயி

சிங்கப்பூரின் கெண்ட் ரிட்ஜ் பூங்காவுக்கு பாசிர் பாஞ்சாங் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம், ஆனால் மேடு மூச்சு வாங்க வைக்கும். 1942 பிப்ரவரியில் மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்த்து நின்ற குன்று இது. புக்கிட் சண்டு நினைவகத்திலிருந்து 280 மீட்டர் நடைபாலம் ஒன்று காட்டுக்குள் நீள்கிறது. கட்டணம் இல்லை.

ஊரிலிருந்து வந்திருந்த மாமாவைக் கூட்டிப் போனேன். ஆலங்குடிப் பக்கம் விவசாயம். மெரினா பேயில் வாயே திறக்காதவர், இங்கே வந்ததும் கேட்டார்: "மாப்பிள்ளை, இது வச்ச காடா, தானா வந்ததா?"

பெரும்பாலும் தானாக வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியானவர்கள் சிங்கப்பூர்க் காடுகளை வெட்டி காம்பியரும் மிளகும் போட்டார்கள். காம்பியர் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாறு தோல் பதனிடப் போகும், சக்கை மிளகுக்கு உரமாகும். காய்ச்ச விறகு வேண்டுமே! தோட்டத்தைச் சுற்றியிருந்த காடும் அடுப்புக்குள் போனது. பதினைந்து, இருபது ஆண்டில் மண் செத்துவிடும். பலருக்கு நிலத்தின் மேல் உறுதியான உரிமை கிடையாது, அதனால் விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள், பிறகு ஜோகூருக்கு. பின்னால் லாலாங் புல்தான் மிஞ்சியது. அப்படிச் சத்திழந்த புளிப்பு மண்ணிலும் வளரக்கூடியது தியுப்-தியுப் மரம். வௌவால்கள் அதன் விதையைப் பரப்புகின்றன. கூடவே தெம்புசு, அதுதான் நம் ஐந்து வெள்ளி நோட்டில் இருப்பது.

மாமா மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "நம்ம மேட்டுக்காடு மாதிரிதான்." அந்த மேட்டுக்காட்டில் இப்போது சவுக்கு நிற்கிறது. சுற்றுச்சூழல் பாசமா என்று கேட்டேன், சிரித்துவிட்டார். "கடலைக்குக் களையெடுக்க ஆள் இல்ல. போர்வெல்ல தண்ணி இல்ல. பசங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. சவுக்குக்கு முதல் வருஷம் தண்ணி காட்டினாப் போதும், அப்புறம் அது பாட்டுக்கு நிக்கும்."

சவுக்கு வேரிலுள்ள முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் மட்டமான மண்ணிலும் பிழைக்கும். நாலைந்து வருடத்தில் வியாபாரி தன் ஆட்களோடு வந்து வெட்டிக்கொள்வார், காகித ஆலைக்கும் சாரக்கம்புக்கும் போகும். தைலமரம் மட்டும் வைக்க மாட்டாராம், நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்ற பேச்சு. "பக்கத்துக் கெணத்துக்காரன் சண்டைக்கு வருவான்."

மரம் நடுவதை நாம் நகரத்தில் இருந்துகொண்டு புண்ணியக் கணக்கில் எழுதுகிறோம். அவருக்கு அது ஆள் கூலிக் கணக்கு. எனக்கு அவர் கணக்குதான் நம்பும்படி இருந்தது.

ஆனால் நாலு வருடம் காத்திருக்கக் கையில் ஏதாவது வேண்டும். இங்கேயும் ரப்பர் வந்தபோது அதே சிக்கல். 1877இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, நட்டால் பால் வடிக்க ஆறேழு வருடம் ஆகும். அதனால் இளங்கன்றுகளுக்கு இடையே அன்னாசி போட்டார்கள். இங்குள்ள யீஷூன் வட்டாரத்துக்குப் பெயர் தந்த லிம் நீ சூன், ரப்பர் அன்னாசி இரண்டிலும் பெரும்பணம் பார்த்தவர். இதைச் சொன்னதும் மாமா, "நானும் முதல் வருஷம் ஊடுபயிரா உளுந்து போட்டேன்ல" என்றார்.

அவர் வயலுக்கு அடுத்த நிலம் ஏன் கருவை மண்டிக் கிடக்கிறது என்றும் கேட்டேன். அதுவும் அதே மண்தான். நாலு அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டுப் பட்டா, குத்தகைக்கு எடுத்தவருக்கு வருடத்துக்கு வருடம்தான் பேச்சு. "அடுத்த வருஷம் நிலம் யார் கையிலன்னு தெரியாதவன் எதுக்கு மாப்பிள்ளை மரம் வைப்பான்?"