அயோடின் மாத்திரைக்கு மூன்று நடை

பிரான்ஸில் அணுமின் நிலையம் இருக்கிற கத்னோமுக்குக் குடிவந்த புதிதில், ஒரு புதன்கிழமை பகல் 12 மணிக்கு அபாயச் சங்கு ஊதியது. நான் எல்லை தாண்டி லக்சம்பர்க்கில் வேலையில் இருந்தேன். போனில் மனைவிக்குப் பேச்சே வரவில்லை. சன்னலைத் திறந்தால் அணுமின் நிலையத்தின் நான்கு கோபுரங்களும் தெரிகிற வீடு, கையில் இரண்டு வயதுக் குழந்தை. வேறு எப்படி இருக்கும்?

மாதத்தின் முதல் புதன்கிழமை நடக்கிற சோதனைதான் அது என்று எதிர்வீட்டு மதாம் சொன்னார். கூடவே, “மாத்திரை வாங்கியாச்சா?” என்று கேட்டார். அலைச்சல் அங்கே தொடங்கியது.

நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு, அணு விபத்து நேர்ந்தால் தைராய்டைக் காக்கிற அயோடின் மாத்திரை இலவசம். 2019-இல்தான் 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் நீட்டினார்கள். வீட்டுக்கு வரும் கடிதத்தைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக் கடிதம் பழைய குடித்தனக்காரர் காலத்திலேயே வந்து போய்விட்டது.

முதல் நடை, சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு. கடை சாத்தியிருந்தது. மதிய இடைவேளையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இரண்டாவது நடைதான் இன்னும் உறுத்துகிறது. முகவரிக்காக நான் நீட்டிய போன் பில்லைக் கடையில் இருந்த பெண் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “கடிதம் இல்லாமல் தர முடியாது.” குழந்தை இருக்கிறது என்றேன். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

மெரியில், அதாவது ஊர் நகராட்சி அலுவலகத்தில், கேட்டபோதுதான், கடிதம் கட்டாயமில்லை, முகவரிச் சான்று போதும் என்று தெரிந்தது. வீட்டுக்காரரிடம் வாடகை ரசீது கேட்டு வாங்கினேன். கேட்டால் அவர் இலவசமாகத் தந்தே ஆகவேண்டும், அது சட்டம். மூன்றாவது நடையில் வேறு கடை. இரண்டே நிமிடத்தில் பெட்டி கைக்கு வந்தது.

உள்ளே 65 மில்லிகிராம் மாத்திரை பத்து. ஒவ்வொன்றின் மேலும் குறுக்கும் நெடுக்கும் கோடு, நான்காக உடைக்கலாம். பெரியவர்களுக்கு இரண்டு, எங்கள் பிள்ளைக்கு அரை, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுவுக்குக் கால். சங்கு கேட்டதும் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. பிரிஃபே, அதாவது நம்மூர் கலெக்டர் மாதிரியான அதிகாரி, உத்தரவிட்ட பிறகுதான். இது தைராய்டை மட்டுமே காக்கும். சங்கு கேட்டால் முதலில் வீட்டுக்குள் போய்க் கதவு சன்னலை மூடி, ரேடியோவைப் போடவேண்டும். பள்ளிக்குப் பிள்ளையைக் கூப்பிட ஓடக் கூடாது. இதை மனைவியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

பெட்டியைச் சமையலறை மேல்தட்டில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்தோம். அடுத்த முதல் புதனன்று மனைவி கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றிருக்கிறாள். 1 நிமிடம் 41 விநாடி, ஒரே தடவை. நிஜ ஆபத்தென்றால் மூன்று தடவை ஊதும். நின்றதும் எனக்குப் போன் செய்தாள்: “சோதனைதான், சாப்பிட்டீங்களா?”