அந்த ஒப்பாரி என் குரல் இல்ல

நான் நடிச்ச படம், திரையில என் மூஞ்சி, அசையறது என் வாய் தான், ஆனா அழறது வேற யாரோ. 2019ல ஒரு வெள்ளிக்கிழமை, காலைல பதினொன்றரை ஷோ, தியேட்டர்ல மொத்தமா இருபது பேர் இருந்தா பெருசு, பக்கத்துல உக்காந்திருந்த என் பொண்ணு தான் மொதல்ல திரும்பி "அம்மா, இது நீ இல்லையே"ன்னு கேட்டா. எனக்கு தொண்டை அடைச்சிருச்சு, பதில் சொல்ல முடியல. சின்ன பட்ஜெட் படத்துல நடிக்கறவங்க பொழப்பு எப்படி இருக்கும்னு யார் கேட்டாலும் நான் இந்த ஒரு சீன் கதையத் தான் சொல்லுவேன், இதுலயே எல்லாம் இருக்கு.

நான் அம்மா ஆர்ட்டிஸ்ட். உசிலம்பட்டி பக்கம் சொந்த ஊரு, கல்யாணமாகி மெட்ராஸ் வந்து, சீரியல்ல கூட்டத்துல நின்னு, அப்புறம் ரெண்டு வார்த்த பேசி, 2011ல மொத சினிமா. இதுவரைக்கும் 31 படம் பண்ணிருக்கேன், அதுல தியேட்டருக்கு வந்தது 14. மிச்சமெல்லாம் ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்ல தூங்குது. என்ன விட ஆறு வயசு சின்னவருக்கு அம்மாவா நடிச்சிருக்கேன், அது பத்தி எனக்கு வருத்தமில்ல. செட்டுல டைரக்டர்ல இருந்து டீ குடுக்குற தம்பி வரைக்கும் எல்லாருக்கும் நான் அம்மா தான், "அம்மா ஷாட் ரெடிம்மா"ன்னு கூப்பிடறப்ப மனசுக்கு நல்லா தான் இருக்கும்.

இந்தப் படம் ஆண்டிபட்டி பக்கத்துல ஒரு கிராமத்துல எடுத்தாங்க. சாலிகிராமத்துல இருந்து கோயம்பேடு பக்கம்ங்கறதால அப்பல்லாம் தேனி பஸ் புடிக்கறது சுலபம், இப்ப ஊருக்கு வெளிய கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு போகணும், அதுக்கே ஒன்றரை மணி நேரம் முன்னாடி கெளம்பணும். சின்ன படம்னா காஸ்ட்யூமும் பாதி நம்மளுது தான், "அம்மா, நாலு காட்டன் சேல, ஒரு வெள்ளச் சேல இருந்தா எடுத்துட்டு வந்துருங்க"ன்னு கோ-டைரக்டர் போன்ல சொல்லிருவாரு. என் பெட்டியில எப்பவும் நைஞ்ச சேல மூனு இருக்கும், ஒட்டு போட்ட ஜாக்கெட் ரெண்டு, கண்ணாடி வளையல், மஞ்சக் கயித்துல கோத்த பித்தளத் தாலி ஒன்னு. சொந்தத் தாலிய கழட்டி பொண்ணுகிட்ட குடுத்துட்டு தான் அவுட்டோர் கெளம்புவேன்.

கேரவன் எல்லாம் கெடையாது. பொம்பளைங்க சேல மாத்தறது பாத்ரூம் போறது எல்லாம் ஊருக்குள்ள யாரு வீட்டுலயாவது கேட்டு தான், மொத நாளு போய் இறங்குனதும் நான் செய்யற மொத வேல ஸ்கிரிப்ட் கேக்கறது இல்ல, கக்கூஸ் உள்ள வீடு எதுன்னு பாத்து அந்த வீட்டுக்காரம்மா கூட சிநேகம் புடிச்சுக்கறது. அதுக்கும் வழியில்லாத எடத்துல காலைல ஒரு டீ, அதோட சரி, சாயந்திரம் பேக்கப் சொல்ற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன். இதனால ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு போயிருக்கேன். ஹீரோயினுக்கு ஒரு ரூம் போடறாங்களே அதுல நமக்கும் ஒரு பத்து நிமிஷம் குடுங்கன்னு கேக்க எனக்கு பல வருஷம் ஆச்சு, இப்ப கேக்கறேன், கூட வர்ற சின்னப் புள்ளைங்களுக்கும் சேத்து கேக்கறேன்.

எனக்கு பதினோரு நாள் வேலைன்னு பேசுனாங்க, ஏழு நாள் எடுத்து முடிச்சப்ப தான் ஸ்ட்ரைக். தியேட்டர்ல டிஜிட்டல்ல படம் போடறதுக்கு வாங்குற விபிஎஃப் கட்டணத்த எதிர்த்து தயாரிப்பாளர் சங்கம் 2018 மார்ச் 1ல இருந்து புதுப் பட ரிலீச நிறுத்துச்சு, மார்ச் 16ல இருந்து ஷூட்டிங்கும் நின்னுபோச்சு, ஏப்ரல் 20 வாக்குல தான் நெலம திரும்ப சரியாச்சு. பெரிய படத்துக்கு அது ஒரு மாச லேட்டு, அவ்வளவு தான். எங்க தயாரிப்பாளர் நெலத்த வித்து பாதி, வட்டிக்கு வாங்கி மீதின்னு படம் எடுக்க வந்த மனுஷன், ஷூட்டிங் நின்னாலும் வட்டி நிக்கல. அந்த ஒன்றரை மாசத்துல அவர் முகமே மாறிப்போச்சு. எனக்கு கன்டின்யூட்டி கவலை, முன்நெத்தில நரைய எப்படி விட்டேனோ அப்படியே இருக்கணும்னு வீட்டு விசேஷத்துக்கு கூட டை அடிக்காம போனேன்.

மிச்ச நாலு நாள்ல ரெண்டாவது நாள் தான் சாவு சீன். ஹீரோவோட அப்பா செத்துருவாரு, நான் பொண்டாட்டி. காலைல சீன் பேப்பர் வாங்கிப் பாத்தா "அம்மா கதறி அழுகிறாள்"னு ஒரே வரி. டைரக்டர் சின்னப் பையன், நல்ல பையன், "அம்மா உங்க ஊருல எப்படி அழுவாங்களோ அப்படியே அழுங்க, நான் கட் சொல்ல மாட்டேன்"னாரு.

இங்க ஒன்னு சொல்லணும். நம்ம படங்கள்ல முக்காவாசி, ஷூட்டிங்ல பேசறத அப்படியே வச்சுக்கறது கெடையாது. ஜெனரேட்டர் ஓடும், கோழி கூவும், ஊரே நின்னு வேடிக்க பாக்கும், அது போக டயலாக்க அசிஸ்டன்ட் தம்பி கேமராவுக்கு பக்கத்துல நின்னு கத்தி சொல்லிக் குடுப்பான், ப்ராம்ப்டிங், அதக் கேட்டுக் கேட்டு தான் நாம பேசறது. அதனால அப்ப பதிவாகற சத்தம் சும்மா பைலட்டுக்கு, அதாவது டப்பிங்ல கேட்டுப் பாத்துக்கறதுக்கு மட்டும், பின்னாடி டப்பிங்ல தான் உண்மையான குரல் ஏறும். ஆனா அன்னிக்கு எழுதுன டயலாக்கே இல்லையே, ப்ராம்ப்ட் பண்ண ஒன்னும் இல்ல, வீட்டுக்குள்ள லைட்டுக்கு அந்த வீட்டு கரண்ட்ட எடுத்துகிட்டதால ஜெனரேட்டரும் ஓடல. பொணமா படுத்த அண்ணன் நாடகத்துல இருந்து வந்தவரு, மூச்ச வயித்துல போகாம மேல் நெஞ்சுலயே லேசா வச்சுக்குவாரு, எறும்பு கால்ல ஏறுனா கூட அசைய மாட்டாரு. துணி கிழிச்சு கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டிருந்தாங்க, கைக்கட்டும் போட்டாச்சு. அந்தக் கட்டப் பாத்ததும் எங்க பெரியம்மா பாடுறது ஞாபகம் வந்துருச்சு. எங்க ஊருப் பக்கம் எந்த வீட்டுல சாவுன்னாலும் பெரியம்மாவக் கூட்டிட்டுப் போயிருவாங்க, நான் சின்ன வயசுல அவ முந்தானையப் புடிச்சுகிட்டு போய் கேட்டது தான்.

களத்துமேட்டு நெல்லளந்த கையி ரெண்டும் கட்டிக் கெடக்கே
காத்தாட விசிறுறேனே கண்ணு முழிச்சுப் பாருமய்யா

இப்படி ஆரம்பிச்சேன், அப்புறம் என் கையில இல்ல. சுத்தி அழறதுக்குன்னு உக்கார வச்சிருந்தது எல்லாம் அந்த ஊரு பொம்பளைங்க தான், அதுல ஒரு பாட்டி, சும்மா உக்காந்திருந்தா போதும்னு கூட்டிட்டு வந்தவங்க, என் தோள்ல கையப் போட்டு நெசமாவே மாரடிச்சு கூடப் பாட ஆரம்பிச்சுட்டாங்க, நான் ஒரு வரி விட அவங்க ஒரு வரி எடுக்க, நாலு நிமிஷத்துக்கு மேல போச்சு. கேமராமேன் தோள்ல கேமராவ வச்சுகிட்டே சுத்தி வந்தாரு. கட்டுன்னு சொல்றப்ப டைரக்டர் குரலே சரியா வரல. அப்புறம் வழக்கம் போல பொணமா நடிச்ச அண்ணன எழுப்பி சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்தாங்க, எனக்கு மேக்கப் தம்பி ஓடி வந்து நெத்தியில குங்குமம் வச்சான், யூனிட்டுல இதெல்லாம் விட மாட்டாங்க. அந்தப் பாட்டி கையப் புடிச்சுகிட்டு "ஏத்தா, எம்புருசன் செத்தப்ப கூட நான் இப்படி அழுகல"ன்னாங்க. இத்தன வருஷத்துல எனக்கு கெடச்ச பெரிய விருது அது தான், வேற ஒன்னும் நான் வாங்குனதில்ல.

சரி, சம்பளத்துக்கு வரேன். ஒரு நாளைக்கு 3,500, பதினோரு நாளைக்கு 38,500. அட்வான்ஸ் 10,000, ஷூட்டிங் நடக்கறப்ப 15,000 குடுத்தாங்க. வருமான வரிக்குன்னு புடிக்கற டிடிஎஸ் பத்து சதவீதம் 3,850 போக எனக்கு வரவேண்டிய பேலன்ஸ் 9,650. சின்ன ஆர்ட்டிஸ்ட்டுக்கு பேலன்ஸ் வாங்க இருக்கற ஒரே எடம் டப்பிங் தான். ஷூட்டிங் முடிஞ்சு பூசணிக்காய் உடைச்சுட்டா நம்ம முகம் அவங்க கைக்கு போயாச்சு, குரல் மட்டும் தான் இன்னும் நம்மகிட்ட இருக்கு, அதனால டப்பிங்குக்கு போறப்ப செட்டில் பண்ணச் சொல்லி கேப்போம், பெரிய ஆளுங்களும் இதத் தான் செய்யறாங்க. நானும் மேனேஜருக்கு போன் பண்ணி மரியாதையாத் தான் கேட்டேன், "தம்பி, டப்பிங் அன்னிக்கு அந்த ஒம்போதாயிரத்து சொச்சத்த முடிச்சு விட்ருங்க." அவர் "ஆகட்டும்மா"ன்னாரு. அப்புறம் கூப்பிடவே இல்ல. நான் மூனு தடவ போன் பண்ணேன், "டேட் பாத்துட்டு சொல்றேம்மா"ன்னாங்க, அப்புறம் எடுக்கல. போஸ்டர் ஒட்டுனதப் பாத்து தான் படம் ரிலீஸ்னே எனக்குத் தெரியும்.

எனக்கு பதிலா பேசுன பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஒரு கால்ஷீட்டுல நாலு பேருக்கு பேசிட்டு போற பொழப்பு அவங்களுது, இன்னும் சொல்லப் போனா டயலாக் எல்லாம் அழகாத் தான் பேசிருந்தாங்க. ஆனா ஒப்பாரிக்கு யாரோ பாட்டு மாதிரி எழுதிக் குடுத்திருக்காங்க, சுருதி சுத்தமா, மூச்சு எடம் பாத்து, மெட்ராஸ் தமிழ்ல. அழறவளுக்கு மூச்சு தப்பான எடத்துல தான் முட்டும், அந்த முட்டு இருக்கே அது தான் ஒப்பாரி. கூட அந்தப் பாட்டியோட வாய் அசையுது, அதுக்கு சத்தமே இல்ல, நாலு பேர் குரூப் வாய்ஸ்ல "ஐயோ ஐயோ"ன்னு கேக்குது. தியேட்டர்ல பின்னாடி வரிசையில ஒருத்தர் எழுந்து வெளிய போனாரு. நாலு நாள் தான் ஓடுச்சு, அதுவும் ரெண்டாவது நாளே பாதி ஷோ எடுத்துட்டாங்க. அந்தப் படம் ஓடாததுக்கு நூறு காரணம் இருக்கலாம், வருஷத்துக்கு 200 படத்துக்கு மேல வர்ற ஊருல சின்ன படத்துக்கு ஷோ கெடைக்கறதே பெருசு. ஆனா அந்த நாலு நிமிஷத்த அப்படியே விட்டிருந்தா பாத்த இருபது பேரும் பத்து பேர்கிட்ட சொல்லிருப்பாங்கன்னு நான் இன்னிக்கும் நம்பறேன். வெறும் 9,650 ரூபாய்க்கு ஒரு நல்ல சீன போக்கிட்டாங்களேன்னு தான் என் ஆத்தாமை, என் காசு போனது கூட ரெண்டாவது.

அந்த டைரக்டர் அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கே வந்தாரு, பைனான்சியர் நெருக்குனதுல டப்பிங் மிக்ஸிங் எல்லாம் தன் கைய மீறி ஒரு வாரத்துல முடிச்சாங்கன்னு சொல்லி ரொம்ப நேரம் தலைய குனிஞ்சே உக்காந்திருந்தாரு. போறப்ப ஒரு பென் டிரைவ் குடுத்தாரு. எடிட்டிங்ல இருந்து எடுத்த பைலட், அந்த ஒரு ஷாட் மட்டும், கலர் கூட பண்ணாம வெளுத்துப் போய் இருந்துச்சு. குரல் இருந்துச்சு. என் குரலும் அந்தப் பாட்டி குரலும், ஓரத்துல ஒரு ஆட்டுக்குட்டி சத்தமும்.

அதுக்கப்புறம் எந்தப் படம் பேசுனாலும் சம்பளம் பேசறப்பவே டப்பிங் நான் தான் பேசுவேன்னு சொல்லி வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா வாங்கிடறேன், புதுசா வர்ற பொண்ணுங்களுக்கும் இதச் சொல்றேன். ரெண்டு வாய்ப்பு இதனால போயிருக்கு, பரவால்ல.

பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப பெரியம்மாவுக்கு அந்த பென் டிரைவ்ல இருந்த ஒப்பாரிய போன்ல போட்டுக் காட்டுனேன். இப்ப எண்பதத் தாண்டியாச்சு, கண்ணு தெரியாது, போன காதுலயே வச்சு அழுத்திப் புடிச்சுகிட்டு முழுசும் கேட்டா. ரெண்டாவது தடவையும் போடச் சொன்னா. நல்லாருக்குன்னு சொல்லுவான்னு நான் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கேன், "என்னடி, புருசன் செத்ததுக்கு பாருமய்யாங்குற? அய்யா பெத்தவருக்குடி. கட்டுனவனுக்கு ராசான்னு தான் வரணும்"னு சொன்னா. சொல்லிட்டு அவளே கால நீட்டி உக்காந்து, கட்டுனவனுக்கு எப்படி, பெத்தவனுக்கு எப்படி, கூடப் பொறந்தவனுக்கு எப்படின்னு ஒவ்வொன்னா பாடிக் காமிக்க ஆரம்பிச்சா. நான் போன வாங்கி ரெக்கார்டுல போட்டேன். முப்பத்தேழு நிமிஷம் இருக்கு.